கொழுப்பு அமிலங்களைக் கொண்டு கந்தக பாக்டீரியாவை அடையாளம் காண்பது எப்படி?

ஹைட்ரஜன் சல்பைடு நாறும் கடலடிச் சேற்றின் மேல் வெள்ளை நூல்களாகப் படரும் படலமும், கழிவுநீர்க் குழாயின் மேற்புறத்தில் ஈர மாவு போல உதிரும் கான்கிரீட்டும் பார்வைக்குத் தொடர்பற்றவை. ஆயினும் இரண்டிலும் முன்னின்று இயங்குபவை சல்பைடு, தனிமக் கந்தகம், தயோசல்பேட் போன்றவற்றை ஆக்சிஜனேற்றி, அதில் கிடைக்கும் ஆற்றலைக் கொண்டு வாழும் பாக்டீரியாக்களே. இங்கே அவற்றைச் சுருக்கமாகக் கந்தக பாக்டீரியா என்று குறிப்பிடுகிறேன். இவற்றுள் பல ஆய்வகத்தில் வளர்வதில்லை. நமீபியக் கடற்கரையை ஒட்டிய சேற்றில் கண்டறியப்பட்டு 1999-இல் அறிவிக்கப்பட்ட தயோமார்கரிட்டா நமீபியென்சிஸ் வெறும் கண்ணுக்கே தெரியுமளவு பெரிய செல்லைக் கொண்டது; இருந்தும் அதைத் தூய வளர்ப்பாகப் பெற முடிவதில்லை. அப்படி வளர்க்க இயலாத உயிர்களை அவற்றின் உடற்பொருளைக் கொண்டே அறியும் வழிகளுள் ஒன்று, செல் சவ்வில் உள்ள பாஸ்போலிப்பிடுகளின் (லிப்பிடுகள் எனப்படும் கொழுப்புப் பொருள்களில் பாஸ்பேட் சேர்ந்த வகை) கொழுப்பு அமிலங்களைப் பகுத்துப் பார்ப்பதாகும்.

இந்த முறையைக் கையில் எடுக்கும் முன் அதன் எல்லையைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். கந்தக பாக்டீரியாக்கள் அனைத்திலும் இருந்து, வேறு எந்த உயிரிலும் இல்லாத கொழுப்பு அமிலம் என்று ஒன்று கிடையாது. கொழுப்பு அமிலப் பகுப்பாய்வு சந்தேகப் பட்டியலைச் சுருக்கும்; இரட்டைப் பிணைப்பு இருக்கும் இடத்தையும், உடன் வரும் அமிலங்களையும், மாதிரி எடுத்த சூழலையும் சேர்த்து வைத்துப் பார்க்கும்போதுதான் அடையாளம் உறுதிப்படும். இதை மறந்துவிட்டு, பகுப்பாய்வுக் கருவி வரையும் கோட்டில் ஓர் உயரமான சிகரத்தை (ஒரு சேர்மத்தைக் காட்டும் மேட்டை) கண்டவுடன் பெயர் சூட்டுவதுதான் இத்துறையில் அடிக்கடி நேரும் பிழை.

எந்த அமிலங்களைத் தேட வேண்டும்

கொழுப்பு அமிலங்களைக் கார்பன் எண்ணிக்கை, இரட்டைப் பிணைப்புகளின் எண்ணிக்கை ஆகிய இரண்டு எண்களால் எழுதுவது வழக்கம். 16:0 என்றால் பதினாறு கார்பன், இரட்டைப் பிணைப்பு இல்லை. 16:1 ஒமேகா-7 என்றால் பதினாறு கார்பன், ஓர் இரட்டைப் பிணைப்பு, அது மெத்தில் முனையிலிருந்து எண்ணும்போது ஏழாவது கார்பனில் தொடங்குகிறது என்று பொருள். பிணைப்பை எதிர்முனையான கார்பாக்சில் முனையிலிருந்து எண்ணும் வழக்கமும் உண்டு. ஆய்வுக் கட்டுரைகளை ஒப்பிடும்போது எந்த முனையிலிருந்து எண்ணியிருக்கிறார்கள் என்பதைப் பார்த்துக்கொள்வது நல்லது.

பெஜியாட்டோவா, தயோபுளோக்கா ஆகிய இழை வடிவக் கந்தக பாக்டீரியாக்களின் படலங்களில் 16:1 ஒமேகா-7, 18:1 ஒமேகா-7, 16:0 ஆகிய மூன்றும் மேலோங்கி நிற்கும். கடலடி வெந்நீர் ஊற்றுகளிலும் ஆக்சிஜன் குன்றிய நீரடுக்குகளிலும் வாழும் சல்ஃபியூரிமோனாஸ் இனத்திலும் இதே மூன்றே முதன்மையானவை; அவற்றுடன் 14:0-வும் காணப்படும். இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஒமேகா-7 இடத்தில் இரட்டைப் பிணைப்பை அமைப்பது, ஆக்சிஜன் தேவைப்படாத ஒரு பொதுவான பாக்டீரிய உயிர்த்தொகுப்பு வழியின் விளைவு. நம் குடலில் வாழும் ஈ. கோலியும் அதே வழியில் அதே அமிலங்களைத்தான் செய்கிறது. போதாக்குறைக்கு, ஒளி படும் ஆழங்களில் வாழும் டையாட்டம் பாசிகளிலும் 16:1 ஒமேகா-7 ஏராளமாக உண்டு. ஆகவே ஆழம் குறைந்த கரையோரச் சேற்றில் இந்த அமிலம் மிகுந்திருந்தால், 20:5 ஒமேகா-3 உடன் வருகிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். அது கணிசமாக இருந்தால், 16:1-இல் ஒரு பங்கு பாசியினுடையது.

அமிலச் சூழலில் வாழும் இனங்களின் நிலை வேறு. அவற்றை அடையாளம் காண்பது சற்று எளிது. அசிடிதயோபேசில்லஸ் தயோஆக்சிடன்ஸ், அசிடிதயோபேசில்லஸ் ஃபெரோஆக்சிடன்ஸ் ஆகியவை தம் ஒற்றை இரட்டைப் பிணைப்பு அமிலங்களின் ஒரு பகுதியை, மூன்று கார்பன்களாலான சைக்ளோபுரொப்பேன் வளையம் கொண்ட அமிலங்களாக மாற்றி வைத்துக்கொள்கின்றன. 16:1 ஒமேகா-7-இலிருந்து மொத்தம் 17 கார்பன் கொண்ட வளைய அமிலமும் (இனி 17 கார்பன் வளைய அமிலம்), 18:1 ஒமேகா-7-இலிருந்து 19 கார்பன் வளைய அமிலமும் உருவாகின்றன. 1986-இல் நுண்ணுயிரியலாளர் டேவிட் ஒயிட்டின் குழுவினர், அமிலம் சுரக்கும் தயோபேசில்லஸ் இனங்களின் முனைவு லிப்பிடுகளில் (பாஸ்போலிப்பிடுகளை உள்ளடக்கிய பிரிவு) வளைய அமிலங்களோடு மெத்தாக்சி, ஹைட்ராக்சி-சைக்ளோபுரொப்பேன் வகை அமிலங்களும் இருப்பதை அறிவித்தனர். பிற பாக்டீரியாக்களில் அரிதான இவை கிடைத்தால், அவற்றின் சான்று மதிப்பு சாதாரண 16:1-ஐவிடப் பன்மடங்கு அதிகம். அந்தக் கட்டுரை வெளிவந்த காலத்தில் தயோபேசில்லஸ் என்ற ஒரே பெயரின் கீழ் இருந்த இனங்கள் பிற்பாடு பல பேரினங்களாகப் பிரிக்கப்பட்டன என்பதையும், அசிடிதயோபேசில்லஸ் என்ற பெயர் 2000-இல்தான் வந்தது என்பதையும் பழைய தரவுகளைப் படிப்போர் நினைவில் கொள்ள வேண்டும்.

மாதிரி எடுத்தல்

செல் இறந்ததும் பாஸ்போலிப்பிடுகள் விரைவில் சிதையத் தொடங்குகின்றன. உயிருள்ளவற்றின் கணக்கை இந்த முறை தருவதற்குக் காரணமே அதுதான். மாதிரியை மேசைமேல் விட்டு வைக்கக் கூடாது என்பதற்கும் அதுவே காரணம். எடுத்தவுடன் உறையவைத்து, முடிந்தால் மைனஸ் 80 டிகிரி செல்சியஸில் வைத்து, உறைநிலையில் உலர்த்தியோ ஈரமாகவோ பிரித்தெடுக்கலாம். படலத்தைச் சுரண்டும்போது அடியில் உள்ள சேறும் சேர்ந்தே வரும். அதைத் தவிர்க்க முடியாது என்பதால், படலத்துக்குக் கீழே ஓரிரு சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து தனியாக ஒரு மாதிரியும் எடுத்து, இரண்டையும் ஒப்பிடுவதே சரியான வழி. இந்த இரண்டாவது மாதிரி இல்லாத ஆய்வை நான் பெரிதாக நம்புவதில்லை.

கண்ணாடிக் கலங்களை 450 டிகிரியில் நான்கு மணிநேரம் சூடேற்றி, ஒட்டியிருக்கும் கரிமப் பொருள்களை எரித்துவிட வேண்டும். பிளாஸ்டிக் குழாய்கள், சாதாரண பிளாஸ்டிக் மூடிகள், வெறுங்கை ஆகிய மூன்றும் கூடாது. விரல் எண்ணெயிலிருந்து வரும் 16:0, 18:0, 18:1 ஒமேகா-9 ஆகியவை மாதிரியில் சேர்ந்துவிடும். பிளாஸ்டிக்கிலிருந்து, அதை மென்மையாக்கச் சேர்க்கும் தாலேட்டுகள் கசியும். மூலக்கூறு உடைந்த துண்டுகளின் நிறைகளைக் காட்டும் நிறை நிறமாலையில் 149 என்ற எண்ணில் ஓங்கிய கோடு தெரிந்தால், எங்கோ பிளாஸ்டிக் பட்டிருக்கிறது என்று அறியலாம். மாதிரி எதுவும் இல்லாத வெற்றுக் குழாய் ஒன்றையும் தொடக்கம் முதல் இறுதி வரை எல்லாப் படிகளிலும் கூடவே கொண்டுசெல்ல வேண்டும்.

அரிக்கப்பட்ட கான்கிரீட்டிலிருந்து எடுக்கும் மாதிரிக்கு ஒரு கூடுதல் கவனம் தேவை. அதில் ஜிப்சமும் கந்தக அமிலமும் மிகுந்திருக்கும். பிஎச் அளவு 1 அல்லது 2 வரைகூட இறங்கியிருக்கும். பிரித்தெடுப்பதற்கான தாங்கல் கரைசலை (பிஎச் அளவை நிலையாக வைக்கும் கரைசல்) சேர்த்த பிறகு பிஎச் அளவைச் சரிபார்த்து, நடுநிலைக்கு அருகில் கொண்டுவந்த பின்பே மேலே செல்ல வேண்டும்.

லிப்பிடுகளைப் பிரித்தெடுத்தல்

பிளை, டையர் ஆகியோர் 1959-இல் வெளியிட்ட முறையின் திருத்தப்பட்ட வடிவமே இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. குளோரோஃபார்ம், மெத்தனால், பாஸ்பேட் தாங்கல் கரைசல் ஆகியவை 1:2:0.8 என்ற விகிதத்தில் ஒரே திரவமாகக் கலந்து நிற்கும். எடுத்துக்காட்டாக 5 மி.லி. குளோரோஃபார்ம், 10 மி.லி. மெத்தனால், 4 மி.லி. தாங்கல். ஈரச் சேற்றில் ஏற்கெனவே உள்ள நீரை இந்த 4 மி.லி.-க்குள் கழித்துக்கொள்ள வேண்டும். கழிக்காவிட்டால் கலவை முன்கூட்டியே இரண்டு அடுக்காகப் பிரிந்து, லிப்பிடுகள் முழுமையாக வெளிவராது. சில மணிநேரம் குலுக்கி, மையவிலக்கில் சுழற்றி, தெளிந்த திரவத்தைத் தனியே எடுத்து, அதனுடன் மேலும் 5 மி.லி. குளோரோஃபார்மும் 5 மி.லி. நீரும் சேர்த்தால் அடுக்குகள் பிரியும். லிப்பிடுகள் கீழடுக்கான குளோரோஃபார்மில் இருக்கும். அதை எடுத்து நைட்ரஜன் வாயு ஊதி உலர்த்த வேண்டும். காற்றை ஊதினால் இரட்டைப் பிணைப்புகள் ஆக்சிஜனேற்றம் அடைந்து, நாம் தேடும் அமிலங்களே முதலில் அழியும்.

கந்தக பாக்டீரியா மாதிரிகளுக்கே உரிய தொல்லை ஒன்று இந்தக் கட்டத்தில் தலைகாட்டும். பெஜியாட்டோவா போன்றவை தனிமக் கந்தகத்தைத் துளிகளாகச் செல்லுக்குள் சேமித்து வைப்பவை. சேற்றிலும் தனிமக் கந்தகம் கலந்திருக்கும். எட்டு அணு வளையமான அந்தக் கந்தகம் கரிமக் கரைப்பானில் கரைந்து சாற்றோடு வந்து, பின்னர் வாயு குரோமட்டோகிராபியில் (சேர்மங்களை ஆவியாக்கி ஒவ்வொன்றாகப் பிரிக்கும் கருவிமுறை) அகன்ற சிகரமாக எழுந்து, பக்கத்தில் உள்ள சிகரங்களை விழுங்கிவிடும். நிறை நிறமாலையில் 64, 128, 160, 192, 256 ஆகிய எண்கள் வரிசையாகத் தெரிந்தால் அது கந்தகமே. இதை நீக்க, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் கழுவி, பிறகு நீர், மெத்தனால், கரைப்பான் என்ற வரிசையில் அலசி எடுத்த பளபளப்பான தாமிரத் துணுக்குகளைச் சாற்றில் இட்டு வைக்க வேண்டும். கந்தகம் இருந்தால் தாமிரம் கறுக்கும். புதிதாக இட்ட துணுக்கு நிறம் மாறாமல் இருக்கும் வரை இதைத் தொடர வேண்டும்.

அடுத்து, சூடேற்றி உலர்த்திய சிலிக்கா நிரப்பிய சிறு குழாயில் சாற்றை இட்டு, முதலில் குளோரோஃபார்ம், பிறகு அசிட்டோன், இறுதியில் மெத்தனால் ஆகியவற்றை வரிசையாக ஓடவிட வேண்டும். குளோரோஃபார்மில் நடுநிலை லிப்பிடுகளும், அசிட்டோனில் கிளைக்கோலிப்பிடுகளும், மெத்தனாலில் பாஸ்போலிப்பிடுகளும் இறங்கும். பாடநூல் சொல்லும் அளவுக்கு இந்தப் பிரிவு துல்லியமானது அல்ல. ஒன்றின் எச்சம் அடுத்ததில் கொஞ்சம் கலக்கும். மெத்தனால் பகுதியை மட்டுமே மேலும் பயன்படுத்துகிறோம். கழிவைச் சேர்க்கும்போது ஓர் எச்சரிக்கை: குளோரோஃபார்மும் அசிட்டோனும் வலிமையான காரத்தோடு கலந்தால் கடும் வெப்பத்துடன் வினைபுரிந்து வெடிக்கவும் கூடும். அடுத்த படியில் வரும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கழிவை இவற்றின் கலனில் ஊற்றவே கூடாது.

மெத்தில் எஸ்டராக மாற்றுதல்

பாஸ்போலிப்பிடில் உள்ள கொழுப்பு அமிலங்களை ஆவியாகக் கூடிய மெத்தில் எஸ்டர்களாக மாற்றிய பின்பே கருவியில் செலுத்த முடியும். இதற்கு, அன்றே தயாரித்த 0.2 மோலார் மெத்தனாலிய பொட்டாசியம் ஹைட்ராக்சைடைச் சேர்த்து 37 டிகிரியில் 15 நிமிடம் வைத்திருந்து, அசிட்டிக் அமிலத்தால் நடுநிலையாக்கி, எஸ்டர்களை ஹெக்சேனில் எடுத்துக்கொள்ளலாம். அமிலத்தைக் கொண்டு எஸ்டராக்கும் முறைகள் வேகமானவை, வசதியானவை. ஆனால் கடும் அமிலம் சைக்ளோபுரொப்பேன் வளையத்தைப் பிளந்துவிடும். அசிடிதயோபேசில்லஸைத் தேடும் ஒருவர் அமில முறையைக் கையாண்டால், தேடி வந்த சான்றைத் தாமே அழித்தவர் ஆவார். மென்மையான கார முறைக்கு இன்னொரு நன்மையும் உண்டு: தனித்து நிற்கும் கொழுப்பு அமிலங்களை அது எஸ்டராக்குவதில்லை என்பதால், இறந்த செல்களின் மிச்சம் கணக்கில் சேர்வது குறையும். வெளிச்சவ்வின் லிப்போபாலிசாக்கரைடில் அமைடு பிணைப்பால் கட்டுண்டிருக்கும் ஹைட்ராக்சி அமிலங்கள் மட்டும் கார முறையில் வெளிவராது. அவை தேவைப்பட்டால், அதற்கெனத் தனி மாதிரியில் அமில நீராற்பகுப்பு செய்ய வேண்டும்.

கருவியில் செலுத்தும் முன், இயற்கை மாதிரிகளில் அரிதான 19:0 மெத்தில் எஸ்டரை அளந்து சேர்த்தால், அதை ஒப்பளவாகக் கொண்டு மற்றவற்றின் அளவைக் கணக்கிடலாம். 19 கார்பன் வளைய அமிலம் இதற்கு அருகிலேயே வெளிவரக்கூடும் என்பதால், அசிடிதயோபேசில்லஸ் மாதிரிகளில் இரண்டும் தெளிவாகப் பிரிகின்றனவா என்று முதலில் சோதித்துக்கொள்ள வேண்டும்.

இரட்டைப் பிணைப்பின் இடத்தை உறுதிசெய்தல்

இந்தப் படியைத் தவிர்ப்பவர்கள் பலர். என் மதிப்பில் முழு முறையின் உயிர்நாடி இதுவே. சாதாரண நிறை நிறமாலையில் 16:1 ஒமேகா-5, ஒமேகா-7, ஒமேகா-8 ஆகிய மூன்றும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி தோன்றும். ஆனால் அவை சுட்டும் உயிர்கள் வேறு வேறு. ஒமேகா-8 முதல் வகை மீத்தேன் உண்ணும் பாக்டீரியாவைச் சுட்டும். ஒமேகா-5 பல இடங்களில் சல்பேட்டைச் சல்பைடாகக் குறைக்கும் பாக்டீரியாவைச் சுட்டும்.

அமெரிக்காவின் ஆரெகன் கரைக்கு அப்பால் உள்ள ஹைட்ரேட் ரிட்ஜ் போன்ற மீத்தேன் கசியும் இடங்களை எண்ணிப் பாருங்கள். மேலே பெஜியாட்டோவா படலம் சல்பைடை உண்கிறது. அதற்குச் சற்றுக் கீழே, மீத்தேனை ஆக்சிஜனேற்றும் ஆர்க்கியாக்களோடு (பாக்டீரியா அல்லாத தனிவகை ஒருசெல் உயிர்கள்) கூட்டு வைத்த சல்பேட் குறைப்பான்கள் அந்தச் சல்பைடைச் செய்கின்றன. அந்தக் குறைப்பான்களின் அடையாளமே 16:1 ஒமேகா-5-உம், அதனோடு வரும் 17 கார்பன் வளைய அமிலமும். எல்லா 16:1-ஐயும் ஒரே சிகரமாகக் கூட்டி எழுதுபவர், சல்பைடைச் செய்பவரையும் தின்பவரையும் ஒரே கணக்கில் வைத்துவிடுகிறார்.

இடத்தைக் கண்டுபிடிக்க, டைமெத்தில் டைசல்பைடு சேர்ப்பு முறை எளிதும் நம்பகமானதும் ஆகும். ஹெக்சேனில் கரைந்த எஸ்டருடன் டைமெத்தில் டைசல்பைடையும், வினையூக்கியாக ஈதரில் கரைத்த அயோடின் ஓரிரு துளியையும் சேர்த்து, மூடி, மிதமான சூட்டில் ஓர் இரவு வைத்திருக்க வேண்டும். மறுநாள் எஞ்சிய அயோடினின் பழுப்பு நிறம் மறையும் வரை சோடியம் தயோசல்பேட் கரைசலைச் சேர்த்துக் குலுக்கி, ஹெக்சேன் அடுக்கை எடுத்துக் கருவியில் செலுத்தலாம். டைமெத்தில் டைசல்பைடின் நாற்றம் எளிதில் போகாது, புகை உறிஞ்சும் அறையை விட்டு அதை வெளியே எடுக்க வேண்டாம்.

இரட்டைப் பிணைப்பின் இரு கார்பன்களிலும் ஒவ்வொரு மெத்தில்தயோ குழு ஒட்டிக்கொள்வதால், கருவிக்குள் மூலக்கூறு சரியாக அந்த இடத்தில் இரண்டாக உடையும். 16:1 ஒமேகா-7-இன் சேர்மம் 362 நிறை கொண்டது. அது 145, 217 என்று உடையும். 16:1 ஒமேகா-5 அதே 362-ஐக் கொண்டிருந்தாலும் 117, 245 என்று உடையும். ஒமேகா-8 என்றால் 159, 203. பதினெட்டு கார்பன் அமிலங்களின் சேர்மம் 390 நிறை கொண்டது. 18:1 ஒமேகா-7 உடைந்தால் 145, 245 வரும். செடிகொடிகளிலும் பூஞ்சைகளிலும் விரல் எண்ணெயிலும் உள்ள ஒமேகா-9 உடைந்தால் 173, 217 வரும். ஒவ்வொரு சோடியையும் கூட்டினால் முழு நிறை கிடைக்கிறதா என்று பார்ப்பது, தவறாக ஒதுக்கிய சிகரத்தைக் கண்டுகொள்ள எளிய வழி.

வளைய அமிலத்தையும் இதே வினை காட்டிக்கொடுக்கும். 17 கார்பன் வளைய அமிலத்தின் மெத்தில் எஸ்டரும், சாதாரண 17:1-இன் மெத்தில் எஸ்டரும் ஒரே 282 நிறை கொண்டவை. நிறமாலையில் அவற்றைப் பிரித்தறிவது கடினம். ஆனால் டைமெத்தில் டைசல்பைடு வளையத்தோடு சேராது. வினைக்குப் பிறகும் அந்தச் சிகரம் பழைய இடத்திலேயே நின்றால் அது வளைய அமிலம், மறைந்தால் 17:1.

முடிவைப் படித்தல்

ஒவ்வோர் அமிலத்தையும் மொத்தத்தில் எத்தனை மோல் சதவீதம் என்று எழுதிய பின், தனி எண்களைப் பார்க்காமல் சேர்க்கையைப் பார்க்க வேண்டும். மேற்படலத்தில் 16:1 ஒமேகா-7, 18:1 ஒமேகா-7, 16:0 ஆகியவை ஓங்கி, கிளைத்த 15 கார்பன் அமிலங்கள் குறைந்து, கீழ் மாதிரியில் இந்நிலை தலைகீழாக இருந்தால், படலத்தில் கந்தக பாக்டீரியா ஆதிக்கம் செலுத்துகிறது என்ற முடிவுக்கு வலு கிடைக்கும். கிளைத்த 15:0, 10-மெத்தில் 16:0 போன்றவை படலத்திலும் மிகுந்தால் சல்பேட் குறைப்பான்கள் கலந்துள்ளன. வளைய அமிலத்தின் விகிதம் உயர்ந்திருப்பதை மட்டும் இனத்தின் அடையாளமாகக் கொள்ளக் கூடாது. வளர்ச்சி நின்று பட்டினி கிடக்கும்போதும் அமில நெருக்கடியிலும் பல பாக்டீரியாக்கள் வளையத்தைக் கூட்டிக்கொள்கின்றன. ஆய்வக வளர்ப்பில் கிடைத்த விகிதங்களை இயற்கை மாதிரியின் மேல் அப்படியே பொருத்த முடியாததற்கும் இதுவே காரணம்.

கான்கிரீட்டில் சூழலே பாதி விடையைச் சொல்லிவிடும். புதிய கான்கிரீட்டின் காரத்தன்மை குறைந்த பிறகு முதலில் குடியேறுபவை நடுநிலையை விரும்பும் தயோபேசில்லஸ் வகையினர். அவர்கள் பிஎச் அளவை ஏறத்தாழ 4-க்கு இறக்கிய பிறகே அசிடிதயோபேசில்லஸ் தயோஆக்சிடன்ஸ் ஆட்சிக்கு வருகிறது. ஆஸ்திரேலியாவில் பார்க்கர் 1945-இல் அரிக்கப்பட்ட கான்கிரீட்டிலிருந்து பிரித்தெடுத்து, கான்கிரீட்டைத் தின்பது என்ற பொருளில் தயோபேசில்லஸ் கான்கிரீட்டிவோரஸ் என்று பெயரிட்டது இந்த இனத்தைத்தான். பிஎச் 2 உள்ள பரப்பில் 19 கார்பன் வளைய அமிலமும் ஹைட்ராக்சி வளைய அமிலமும் சேர்ந்து கிடைத்தால் தயக்கமின்றி அதைச் சுட்டலாம். பிஎச் 7 உள்ள பரப்பில் வளைய அமிலம் மட்டும் கிடைத்தால் அந்தத் துணிவு கூடாது.

ஐயம் தீராதபோது இரண்டு துணைச் சான்றுகள் கைகொடுக்கும். முதலாவது, செல் சவ்வில் எலக்ட்ரான்களைக் கடத்தும் குவினோன்கள். பெஜியாட்டோவா, தயோபேசில்லஸ், அசிடிதயோபேசில்லஸ் ஆகியவற்றில் யூபிகுவினோன்-8-உம், சல்ஃபியூரிமோனாஸில் மெனாகுவினோன்-6-உம் முதன்மையானவை. கொழுப்பு அமிலங்களில் ஒன்றுபோல் தோன்றும் பெஜியாட்டோவாவையும் சல்ஃபியூரிமோனாஸையும் பிரித்தறிய இது உதவும்.

இரண்டாவது கார்பன் ஐசோடோப்பு. கால்வின் சுழற்சியால் கார்பனை நிலைப்படுத்தும் (கார்பன் டைஆக்சைடை உடற்பொருளாக்கும்) இனங்களின் லிப்பிடுகளில், கார்பனின் கனமான வடிவமான கார்பன்-13 கணிசமாகக் குறையும். தலைகீழ் சிட்ரிக் அமிலச் சுழற்சியைக் கையாளும் சல்ஃபியூரிமோனாஸ் போன்றவற்றில் அந்தக் குறைவு சிறியது. கார்பன்-13 ஏற்றிய பைகார்பனேட்டை மாதிரிக்கு ஊட்டி, எந்த அமிலத்தில் அது ஏறுகிறது என்று பார்ப்பது இன்னும் நேரடியான சோதனை: சல்பைடு முன்னிலையில், இருட்டில், 16:1 ஒமேகா-7-உம் 18:1 ஒமேகா-7-உம் அந்தக் கார்பனை ஏற்றால் அவற்றைச் செய்தவர் வேதியாற்றலால் கார்பனை நிலைப்படுத்துபவர் என்று கொள்ளலாம், பாசியின் பங்கு அங்கே விலகிவிடும். எஸ்டராக்கும்போது மெத்தனாலிலிருந்து ஒரு கார்பன் கூடுதலாகச் சேர்ந்திருக்கிறது என்பதால், பயன்படுத்திய மெத்தனாலின் ஐசோடோப்பு அளவைத் தனியே அளந்து கழிக்காமல் எந்த எண்ணையும் வெளியிடக் கூடாது.

அறிக்கையில் இனப்பெயரை எழுதுவதைவிட, எந்தச் சான்று எந்த அளவுக்கு எதை ஆதரிக்கிறது என்று எழுதுவது நேர்மையானது. பிணைப்பின் இடம் உறுதிசெய்யப்படாத அமிலத்தை 16:1 என்று மட்டும் எழுத வேண்டும். ஒமேகா எண்ணை ஊகித்து இடக் கூடாது. எஸ்டராக்கிய முறை காரமா அமிலமா, வளர்ப்பாக இருந்தால் வெப்பநிலையும் வளர்ச்சிக் கட்டமும் என்ன, வெற்றுக் குழாயில் எவை எவ்வளவு தெரிந்தன ஆகிய விவரங்களை அட்டவணையின் கீழேயே தர வேண்டும். அவை இல்லாமல் வேறொரு ஆய்வகம் அந்த எண்களைத் தன் எண்களோடு ஒப்பிட வழியில்லை.